குட்டைக் கம்புக்குப் பக்கத்தில்

— படத்துல மூஞ்சிய மட்டும் மங்கலாக்கிட்டா ஆளு தெரியாதாக்கும்? பின்னாடி நிக்கிற லாரிய என்ன பண்ணுன? ‘ஒச்சம்மாள் போர்வெல்ஸ்’ண்டு ஆள் ஒசரத்துக்கு எழுதியிருக்கே, அது மங்கலாவா இருந்துச்சு? சொல்லு ரோகிணி. ஒங்க காலேசு ஆடிட்டோரியமே நெறஞ்சு ஒக்காந்திருந்துச்சு. அம்புட்டுப் பேரும் பாத்தானா இல்லையா?

— அண்ணே, மொதல்ல வேகத்தக் கொற. பின் சீட்டுல மதினி இருக்காக.

— வேகமெல்லாம் எனக்குத் தெரியும். கேட்டதுக்குப் பதிலச் சொல்லு.

— அது கருத்தரங்கம்ணே. என்னைய மாதிரி வாத்தியாருங்க, படிக்கிற பிள்ளைக, அவ்வளவுதான். எனக்குக் குடுத்த தலைப்பே ‘ஆண்களின் உயர்கல்வி: உலக நாடுகள் ஒப்பீடு’. வெறும் நம்பரா அடுக்கிக்கிட்டே போனா எல்லாரும் போன எடுத்து நோண்ட ஆரம்பிச்சிருவாங்க. அதாவது, நடுவுல ஒரு உண்மையான ஆளக் காட்டுனாத்தான் அந்த நம்பருக்கு ஒரு உசுரு…

— அதுக்குக் கூடப்பொறந்தவன் கெடச்சான். ஆமா சாமி. திரைல வரைபடம் போட்டு, கொரியாக்காரனுக்கு ஒரு கம்பு, ஜப்பான்காரனுக்கு ஒரு கம்பு, கனடாக்காரனுக்கு ஒரு கம்பு. எல்லாம் பச்சை பச்சையா நெட்டுக்கு நிக்கிது. கடைசில நம்ம நாட்டுக்குண்டு சூம்பிப்போயி ஒரு குட்டக் கம்பு. அதுக்குப் பக்கத்துல நானு. கைலி கட்டிக்கிட்டு, முழங்கால் வரைக்கும் சேறோட.

— அந்தப் படத்துல என்ன அசிங்கம்? நீ வேல செய்யிற படம்.

— கீழ எழுதியிருந்தத நானும் படிச்சேன்த்தா. எனக்குப் படிக்கத் தெரியும். ‘வயது நாற்பத்து நான்கு. சிவகங்கை மாவட்டம். பொறியியல் படிப்பை இரண்டாம் ஆண்டில் நிறுத்தியவர். காரணம்: ஆர்வமின்மை.’ அத மைக்குல வேற வாசிக்கிற. எனக்கு முன்னாடி வரிசைல ஒரு பய சிரிச்சான். தங்கச்சி பேசப்போகுதுண்டு தேச்ச சட்டையப் போட்டுக்கிட்டு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்து ஒக்காந்தேன் பாரு. என்னையச் சொல்லணும்.

— அந்தக் காரணம் நான் எழுதுனது இல்லண்ணே. போன வருசம் என் ஸ்டூடண்ட்ஸ் ஊரு ஊராப் போயிக் கேட்டப்ப நீயே சொன்னது. ஏன் நிறுத்துனீகன்னு கேட்டதுக்கு, ‘படிக்கப் புடிக்கல விட்டுட்டேன், ஒங்களுக்கு வேற சோலி இல்லையா’ன்னு சொல்லியிருக்க. அந்தப் பிள்ள அப்பிடியே எழுதிட்டு வந்துச்சு.

— மண்டையப் பொளக்குற வெயில்ல மோட்டார எறக்கிக்கிட்டு இருக்கேன், பேனாவ நீட்டிக்கிட்டு வந்து நின்னா என்னத்தச் சொல்றது? என் சாதகத்த ஒப்பிக்கவா? அது ஒன் ஆளுகண்டே எனக்குத் தெரியாது.

— நான் பேரு போடல. அண்ணன்னு சொல்லல.

— பாக்க வேண்டியவ பாத்துட்டால்ல.

— யாரு? மதினியா? மதினிக்குத் தெரியாததா இது?

— முன்னாடி போறவன் இண்டிகேட்டரே போடாமத் திரும்புறான் பாரு. வெளங்காத பய.

— அண்ணே. மதினிக்குத் தெரியாதா?

— நான் ரோட்டப் பாக்கவா, ஒனக்குப் பதில் சொல்லவா?

— கல்யாணமாகி இருவது வருசமாச்சேண்ணே! சொல்லவே இல்லையா நீ? மதினி, சத்தியமா எனக்குத் தெரியாது மதினி. அண்ணன் எப்பவோ சொல்லியிருக்கும்னுதான் நெனச்சேன். உங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சா நான் அந்தப் படத்த வச்சிருப்பேனா?

— கேட்டுக்கிட்டுத்தான் வாரேன் ரோகிணி. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க.

— ஏதாச்சும் திட்டுங்க மதினி.

— பழத்தட்டு சாயுது. அதப் புடிச்சிக்கிட்டு இருக்கேன்.

— இந்தாருங்க, ரெண்டு பேருக்கும் சொல்றேன். இந்தப் பேச்சு இந்தக் காரோட சரி. நாம போறது கீழச்சிவல்பட்டிக்கு. சம்பந்தி தண்டாயுதபாணி வீட்டுல கை நனைச்சு, எம் மக வீராவுக்குக் கல்யாண நாள் குறிக்கப் போறோம். அவுக வகையறா பூராம் கூடியிருக்கும். அங்க வந்து பி.இ., ரெண்டாம் வருசம், அது இதுண்டு ஒரு வார்த்த வரக்கூடாது. பொண்ணுக்கு அத்தைக்காரி நீ இல்லாம ஆகாதுண்டுதான் ஒன்னைய ஏத்திக்கிட்டு வாரேன். இல்லண்டா அந்த ஆடிட்டோரியத்து வாசல்லயே விட்டுட்டு வந்திருப்பேன்.

— நாள் எப்பன்னு நெனச்சிருக்கீகண்ணே?

— ஆவணில முகூர்த்தம். மாப்ள லீவுக்கு வந்து கட்டிக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு.

— வீரா பி.எஸ்சி. ரெண்டாம் வருசந்தானேண்ணே படிக்கிறா?

— அதுக்கு? மாப்ள கனடால எம்.எஸ். படிச்சிட்டு அங்குட்டே வேலைல இருக்காரு. நீதானே இன்னைக்குக் காட்டுன, கனடாக்காரன் கம்பு எம்புட்டு ஒசரம்ண்டு? பத்து ஆம்பளைல ஆறு பேரு மேல்படிப்புப் படிச்சவண்டு நீதானே சொன்ன? அந்த ஒசரத்துல எம் மக போயி ஒக்காரப் போறா. சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு…

— அந்தக் கம்பு ஆம்பளைகளோட கம்பு. அதுல வீரா எப்பிடி ஏறுவா? அவ பாதில விட்டுட்டுப் போனா, அங்க இருக்கிற பொம்பளைக கணக்குல ஆகக் கீழதான் அவ நிப்பா.

— மேடைல பேசுறது பத்தாதா? எறங்கியும் பேசணுமா?

— எனக்கும் கோவம் இருக்குண்ணே. நீ மட்டும்தான் கோவப்படணும்னு இல்ல. அப்பா கம்மாக்கர வயல வித்து உன்னைய மேனேஜ்மெண்ட் சீட்டுல சேத்தாரு. எனக்குக் கவருமெண்டு காலேஜு, டவுன் பஸ்ஸு. உனக்குப் புதுப் பெட்டி, புதுச் செருப்பு, ஹாஸ்டலுக்கு முறுக்கு டின்னு. நீ ரெண்டாம் வருசம் ஒரு நாளு வந்து பையத் தூக்கி மூலைல எறிஞ்சிட்டுப் படுத்துக்கிட்ட. உன்னைய ஒரு வார்த்த யாரும் கேக்கல. அடுத்த தீவாளிக்கு லாரி வந்து நின்னுச்சு. நான் ஒரே ஒரு பேப்பருல மார்க்கு கொறஞ்சதுக்கு, ‘இவளுக்கு வரனப் பாத்துருவமா’ன்னு அடுப்படில பேசுனாக. அன்னைக்கு என் மனசுல ஏறுன கேள்விதான். எல்லாத்தையும் கைல குடுத்தும் ஆம்பளப் பிள்ளைக ஏன் எந்திரிச்சுப் போறாங்க? அதத்தான் இத்தன வருசமா நாடு நாடாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— நாடு நாடாக் கேட்ட. அடுத்த ரூமுல குப்புறக் கெடந்தவன ஒரு தடவ கேட்டியா?

— கேட்டா அடிக்க வருவ.

— வந்திருப்பேன். அடிச்சிட்டுச் சொல்லியிருப்பேன்.

— சரி. இப்பக் கேக்குறேன். ஏண்ணே விட்ட?

— அந்தக் கொரியாக்காரன் இஞ்சினீயரிங்க எந்தப் பாசைல படிக்கிறான்?

— கொரிய மொழில. பாதிக்கு மேல அப்பிடித்தான்.

— ஜப்பான்காரன்?

— அவனும் அவன் மொழிலதான்.

— அத எந்தக் கம்புல போட்ட?

— அண்ணே, மொழி ஒரு காரணம். நான் இல்லைங்கல. ஆனா அது மட்டுந்தான்னு சொல்லிற முடியாது. இத்தாலிக்காரனும் சொந்தப் பாசைலதான் படிக்கிறான், அங்க பத்து ஆம்பளைல ரெண்டு மூணு பேருதான் காலேஜ முடிக்கிறான். என்னையவே எடுத்துக்க. நானும் தமிழ் மீடியந்தான். மொத வருசம் ஒரு எழவும் புரியாம, லேடீஸ் ரூமுல போயி அழுதுட்டு அழுதுட்டு வந்து ஒக்காருவேன். அப்பிடியேதான் படிச்சேன்.

— நீ அழுத. ஒனக்கு ஒரு ரூமு இருந்துச்சு அழுக. நான் எங்குட்டுப் போயி அழுகுறது?

— அண்ணே…

— பள்ளிக்கூடத்துல கணக்குல நான் மொத ஆளு. அது ஒனக்கும் தெரியும். காலேசுக்குப் போன மொத மாசமே நான் முட்டாப் பயலாயிட்டேன். ரெண்டாம் வருசம் ஒரு வாத்தி. எந்திரிச்சு வாசிடாண்டாரு. வாசிச்சேன். இங்கிலீசுல எஃப்பு, ஏ, டி, ஐ, ஜி, யூ, ஈ. எழுத்து எப்பிடி இருக்கோ அப்பிடி வாசிச்சேன். ‘ஃபாட்டிகூ’ண்டு. கிளாஸே உருண்டு பெரண்டு சிரிக்கிது. வாத்தியும் சேந்து சிரிக்கிறாரு. அதோட விட்டாரா? மறுநாளு கிளாஸுக்குள்ள வரையிலயே, ‘எங்கடா ஃபாட்டிகூ, எந்திரி’. அதுக்கடுத்த நாளும் ‘எந்திரி’. அவுகளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. ஹாஸ்டலு மெஸ்ஸுல சோறு போடுறவரு வரைக்கும் எனக்குப் பேரு ஃபாட்டிகூ.

— இத நீ சொன்னதே இல்ல.

— இந்தா வருதுல்ல குன்றக்குடி. இந்த மலைப் படிக்கட்டுதான். ஹாஸ்டல காலி பண்ணிட்டு வீட்டுலருந்து போயிட்டு வாரேண்டு சொன்னேன்ல, அப்ப காலைல பையத் தூக்கிக்கிட்டு வந்து இதுல ஒக்காருவேன். சாயங்காலம் பஸ்ஸு ஏறி வீட்டுக்கு வருவேன். அம்மா கட்டிக்குடுத்த சோத்தக் கொரங்குக்குப் போடுவேன். அப்பிடியே ஒரு பருவம் போச்சு.

— அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணே.

— வயல வித்த மனுசன்கிட்டயா? ‘அப்பா, ஒரு வார்த்தைய வாசிக்கத் தெரியல, எல்லாரும் சிரிக்கிறாய்ங்க’ண்டா? சொல்லு, நீயா இருந்தாச் சொல்லுவியா? அந்த வார்த்த இன்னைக்கு எனக்குத் தெரியும்த்தா. ஃபட்டீக். இரும்புக்கு வார நோவு. ஒரே எடத்துல சின்னச் சின்னதா அடி விழுந்துக்கிட்டே இருந்தா நல்ல இரும்பும் ஒரு நாளு பொட்டுண்டு விட்டுரும். என் ராடெல்லாம் அப்பிடித்தான் ஒடையிது. நெதமும் பாக்குறேன். ‘ஆர்வமின்மை’யாம். மைக்குல வாசிக்கிற நீ. நாடு பூராம் கைதட்டுது.

— தப்புத்தாண்ணே. அந்த வரிய நான் எடுத்துர்றேன். நீ இப்பச் சொன்னத…

— எடுக்கவும் வேணாம், வேற எழுதவும் வேணாம். என்னைய விடு. நான் ஒன் கம்புக்கு ஆளு இல்ல.

— ஏங்க.

— என்ன?

— பத்திரிகைல போட்டது யாரு?

— எந்தப் பத்திரிகை?

— நம்ம கல்யாணப் பத்திரிகைதான். ‘திருநிறைச்செல்வன் வேல்பாண்டி, பி.இ.’ அந்த ரெண்டெழுத்தப் போட்டது யாரு?

— அப்பா.

— அச்சடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க பாத்தீகளா?

— பாத்தேன். அப்பா போட்டுட்டாரு. நான் என்ன செய்ய?

— ரோகிணி, நீ பாத்தியா?

— மதினி, அப்ப நான் எம்.ஃபில். சேந்த புதுசு, வீட்டுல…

— பாத்தியா?

— பாத்தேன் மதினி.

— எம் பேருக்குப் பின்னாடி ஒண்ணும் போடல. பி.எஸ்சி. கணக்கு, ரெண்டாம் வருசம். அத எப்பிடிப் போடுறது? பாதிய யாரும் அச்சடிக்க மாட்டாகன்னு எங்கப்பா சொன்னாரு. ஒங்க பாதிய மட்டும் முழுசா அச்சடிச்சிருக்காக.

— ரேணுகா, இந்தா பாரு…

— நான் ஒண்ணும் வேணாம்னு விட்டவ இல்ல. மாப்ள இஞ்சினீயரு, இப்பேர்ப்பட்ட எடம் மறுக்கா அமையாது, நீ மிச்சத்தப் படிச்சு யாருக்குக் கணக்குச் சொல்லப் போறன்னாரு எங்கப்பா. ஒங்கப்பா, பெரிய மனுசன், எங்க வீட்டுக் கூடத்துல ஒக்காந்துக்கிட்டு, ‘கட்டிக்கிட்டு வந்து படிக்கட்டுமே, யாரு வேணாங்குறது’ன்னாரு. அத நம்பித்தான் கழுத்த நீட்டுனேன்.

— அதெல்லாம் அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் பேசுற பேச்சு.

— தாலி ஏறுன மொத மாசமே ஒங்ககிட்டக் கேட்டேன். இன்னும் ஒரு வருசந்தாங்க, நம்ம கோவிலூருலருந்து காரைக்குடிக்கு நெனச்ச நேரத்துக்குப் பஸ்ஸு இருக்கு, சமைச்சு வச்சிட்டுப் போறேன்னு கேட்டேன். என்ன சொன்னீக?

— ஞாபகம் இல்ல.

— ‘இஞ்சினீயரு பொண்டாட்டி பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போயிப் படிக்கணுமாக்கும்’ன்னீக. அப்பாவா சொன்னாரு அத? இல்ல பத்திரிகை அடிச்சவரு சொன்னாரா? ஒங்க வாயால சொன்னீக. இஞ்சினீயருன்னு.

— மதினி, அண்ணன் ஓட்டுறப்ப வேணாம். வீட்டுக்குப் போயி…

— நீ சும்மா இரு ரோகிணி. இத்தன நேரம் நான் குறுக்க வந்தனா? ஏங்க, ஏன் வேணாம்னீக?

— பழசக் கெளறாத.

— இன்னைக்கு ஊரே பாக்கக் கெளறியாச்சு. நான் கெளறுனா மட்டும் குத்தமா?

— சொன்னா என்ன ஆகப்போகுது? சரி, கேளு. ஒன் புஸ்தகமெல்லாம் ஒரு அட்டப்பெட்டில வந்துச்சுல்ல, சீரோட சீரா. அம்புட்டும் இங்கிலீசு. மத்தியானம் நீ அத மடில வச்சுக்கிட்டு மளமளண்டு புரட்டுவ. அந்தத் தாளு சத்தத்தக் கேட்டாலே நான் சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய கெளம்பிருவேன். ஒன்னையக் காலேசுக்கு அனுப்புனா, ராத்திரி வந்து, ‘நீங்க இஞ்சினீயருதானே, இந்தக் கணக்கச் சொல்லிக்குடுங்க’ண்டு நீட்டுவ. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசிப்பேன்? நீயும் சிரிச்சிட்டா? காலேசுங்குற பேச்சே அந்த வீட்டுல காதுல விழுகக் கூடாதுண்டு நெனச்சேன். அம்புட்டுத்தான். ஒன்னையக் கெடுக்கணும்ண்டு இல்ல.

— அம்புட்டுத்தானா?

— அம்புட்டுத்தான்.

— நான் என்ன நெனச்சிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? எனக்குப் படிப்பு ஏறாதுன்னு நீங்க கண்டுபுடிச்சிட்டீகன்னு நெனச்சேன். இஞ்சினீயருக்குத் தெரியாதா, எவ மண்டைல என்ன இருக்குன்னு. பாத்துட்டுத்தான் வேணாங்குறாகன்னு நெனச்சேன். வீராவுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்குறப்ப நீங்க உள்ள வந்தா நோட்ட மூடிருவேன். தப்பாச் சொல்லிக்குடுக்குறேனோ, ஒங்களுக்குத் தெரிஞ்சிருமோன்னு. எம் மக முன்னாடி நோட்ட மூடுவேங்க நான்.

— மதினி, அழுகாதீக.

— யாரு அழுகுறா? எனக்கு வயிறு எரியிது. நீ எதுக்குடி அழுகுற?

— என்னால தாங்க முடியல மதினி.

— தாங்கிக்க. ஒண்ணு கேக்குறேன், சொல்லு. இன்னைக்கு எத்தன நாட்டு ஆம்பளைய அளந்து காட்டுன. பொம்பளைகளுக்கு அந்த மாதிரி இல்லையா?

— இருக்கு மதினி. கொரியா, கனடா, ஜப்பான், எல்லாத்துலயும் இப்ப படிச்சு வார வயசுல பொம்பளைக கம்புதான் ஒசரம். ஆம்பளைகளத் தாண்டிட்டாங்க.

— அத ஏன் காட்டல?

— தலைப்பு ‘ஆண்கள்’னு குடுத்தாக.

— அவனுகளக் கட்டிக்கிறதுக்காகப் படிப்ப விட்டவளுக, அவளுக எந்தக் கம்புல வருவாளுக?

— அதுக்குக் கணக்கு இல்ல மதினி. யாரும் எடுக்கல.

— நீயும் எடுக்கல. ஒரே வீட்டுல இருந்திருக்கோம்.

— போதும்ப்பா. ரெண்டு பேரும் நிப்பாட்டுறீகளா? தப்பு நடந்துபோச்சு. நான் செஞ்சது தப்பு. கால்ல விழுகவா? வண்டிய ஓரங்கட்டிட்டு விழுகுறேன். ஆனா வீரா சோலி வேற. இதையும் அதையும் போட்டுக் கொழப்பாதீக.

— வீரா ஒங்ககிட்ட என்ன சொன்னா?

— முடிச்சிட்டுக் கட்டிக்கிறேண்டா. சின்னப் பிள்ள, அப்பிடித்தான் சொல்லும். மாப்ள வீட்டுலதான் கனடால வந்து படிச்சுக்கிரட்டும்ண்டு சொல்றாகள்ல. தண்டாயுதபாணியே சொன்னாரு.

— ஒங்கப்பாவும் எங்க வீட்டுல ஒக்காந்து அதத்தான் சொன்னாரு.

— அது கோவிலூருடி! இது கனடா!

— சொல்றவுக நம்ம பக்கத்து ஆளுகதானே. ஊரு மாறுனா சொல்லு மாறிருமா?

— அண்ணே, மதினி சொல்றத விடு, என் பக்கத்துலருந்து சொல்றேன். இங்க பாதில விட்டது அங்க பெரும்பாலும் கணக்குலயே வராது. இந்த ரெண்டு வருசமும் போயிரும். அவ அங்க மொதல்லருந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள ஒரு பிள்ள வந்துரும். எத்தன பேரப் பாத்திருக்கேன் நான்! ஒரு வருசந்தானே? காத்திருக்கச் சொல்லிக் கேளு.

— ஆவணிய விட்டா ரெண்டு வருசத்துக்கு லீவு இல்லையாம் மாப்ளைக்கு. காத்திருக்க மாட்டாக. வேற எடம் பாத்துருவாக.

— பாக்கட்டுமே.

— என்னத்த பாக்கட்டுமே? நான் வாக்குக் குடுத்திருக்கேன். நாலு பேரு முன்னாடி தட்ட மாத்துறேண்டு சொல்லியிருக்கேன். அங்க ஆட்ட உரிச்சு, சோத்த வடிச்சு, சாதி சனம் வாசல்ல நிக்கிது. இப்பப் போயி இல்லைங்கவா? ஏற்கனவே ஒருக்கா பாதில விட்டுட்டு எந்திரிச்சு வந்தவன் நான். இதையும் பாதில விட்டவண்டு பேரெடுக்கவா? செத்தாலும் நடக்காது. இத முடிப்பேன்.

— ஒங்க பாதிய எம் மகள வச்சு முடிப்பீகளா?

— ரேணுகா, வாய அடக்கு.

— அடக்கி வச்சிருந்தேன்ல. எம்புட்டுக் காலம்!

— எவ எப்பிடிப் பேசுனாலும் சரி, நான் அங்க போயி நாளக் குறிச்சிட்டுத்தான் சாப்புடுவேன். நீ சிரிச்ச மூஞ்சியோட நிக்கணும். ரோகிணி, நீயும்தான். யாராச்சும் நான் என்ன படிச்சேண்டு கேட்டா…

— என்ன சொல்லட்டும்ணே?

— ஒண்ணும் சொல்ல வேணாம். சிரிங்க.

— பிள்ளையார்பட்டி தாண்டிருச்சு. இன்னும் கொஞ்ச தூரந்தான். அண்ணே, இப்பயாச்சும் ஓரமா நிப்பாட்டிட்டு அவுகளுக்குப் போன் பண்ணி, தள்ளி வச்சுக்குவமான்னு ஒரு வார்த்த…

— பேசாம வா.

— மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க.

— அவுகளே ஓட்டட்டும். விடு.

— …அந்தக் கோயிலத் தாண்டி எடது பக்கம். நாலாவது வீடுண்டாரு. பெரிய கேட்டு, நீலக் கலரு. இதுதான். வந்தாச்சு. ரேணுகா, சீலைய சரி பண்ணிக்க. பழத்தட்ட முன்னாடி எடு. மல்லிகப்பூ வாடிருச்சா பாரு.

— அண்ணே, சத்தமே இல்லையே.

— உள்கட்டுல இருப்பாக. பெரிய வீடுல்ல.

— வாசல்ல ஒரு வண்டி இல்ல. ஒரு செருப்பு கெடக்கல.

— அதான் நானும் பாக்குறேன். வீடு மாறி வந்துட்டமா? இல்லையே, தண்டாயுதபாணிண்டு பேரு போட்டிருக்கே. நாலு மணிக்குத்தானே வரச்சொன்னாக? ஒரு வேள பின்பக்கமா…

— கேட்டுல பூட்டு தொங்குதுண்ணே.

— பூட்டா? என்ன வெளையாடுறாய்ங்களா? தட்டத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லிட்டு வீட்டப் பூட்டிட்டுப் போனா என்ன அர்த்தம்? எங்க என் போனு? இந்தா பேசுறேன். நறுக்குண்டு நாலு கேள்வி கேக்குறேன்.

— பண்ணாதீக. கோவத்துல எல்லாரும் கலைஞ்சு போயிருப்பாக, ஒங்க போன எடுக்க மாட்டாக.

— ஏன்? ஏன் எடுக்க மாட்டாக? ரேணுகா, என்னடி முழிக்கிற? ஒனக்கு என்னமோ தெரியும். தெரிஞ்சா கெளம்புறப்பவே சொல்லாம எதுக்கு இம்புட்டு தூரம் ஓட்ட விட்ட?

— வீட்டுல வாயத் தெறந்தா சட்டைய மாட்டிக்கிட்டு லாரிக்குக் கெளம்பிருவீக, ஸ்டேரிங்கப் புடிச்சிருந்தாத்தான் நான் பேசுறத முழுசாக் கேப்பீக; தங்கச்சி ஒங்களப் பத்தி மைக்குல வாசிச்சாளே, அப்பவே நான் வெளிய போயி இவுக வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிட்டேன், பொண்ணோட அப்பா பி.இ. இல்ல, பொண்ணு பி.எஸ்சி. முடிக்காம எந்த நாட்டுக்கும் வரமாட்டா, நாங்க வரல, எலையப் போடாதீகன்னு.